விரலைத் தின்ற மிஷினுக்கு நன்றியா?

விரல் போனால் ஒரு தொழிலாளியின் கதி என்ன? இதை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மில்லிலே மிஷினோடு நிற்பவருக்கும் தெரியும். கதிரடிக்கும் மிஷினுக்குக் கட்டு எடுத்துக் கொடுப்பவருக்கும் தெரியும். நாம் இங்கே சொல்லப் போவது இங்கிலாந்திலே, பிர்மிங்ஹாம் நகரத்திலே, 17 வயதுப் பையன் ஒருவன் இழந்த இரண்டு விரல் நுனிகளைப் பற்றி. பெயர் டோனி ஐயோமி. பின்னாளில் உலகம் பூராவும் பெயர் வாங்கிய 'பிளாக் சபாத்' என்ற ராக் சங்கீத கோஷ்டியின் கிட்டார்க்காரர் அவர்தான்.

அந்தக் கோஷ்டியின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் 2025ஆம் ஆண்டு ஜூலை 22ந் தேதி காலமானார். அதையொட்டி அவர்களுடைய கதை மறுபடியும் எங்கும் பேசப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லும்போது, விபத்து நடந்ததும் நல்லதுக்குத்தான், அது நடந்திராவிட்டால் இந்தச் சங்கீதமே பிறந்திராது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இந்தப் பேச்சை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

நடந்தது என்ன?

1965ஆம் ஆண்டு. ஐயோமி ஒரு தகட்டுப் பட்டறையில் வெல்டர். ஐரோப்பாவுக்குப் போய் வாசிக்க ஒரு கோஷ்டி அவரை அழைத்திருந்தது. பட்டறை வேலைக்கு அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பி வைத்தாள். அன்று பிரஸ் மிஷின் ஓட்டும் ஆள் வரவில்லை. ஒரு நாளும் தொட்டறியாத அந்த மிஷினில் இவரை நிறுத்தினார்கள். மிஷின் கைமேல் இறங்கியது. வெடுக்கென்று கையை இழுத்தார். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் பிய்ந்து போயின.

அவர் இடது கைப்பழக்கக்காரர். ஆகவே கிட்டார் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மனமொடிந்து கிடந்தவருக்குப் பட்டறை போர்மன் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. அவர் 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பின்பும் கிட்டாரில் பேர்பெற்ற கலைஞர்.

ஐயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்கு இரண்டு தொப்பி செய்தார். உப்புத்தாளால் தேய்த்து, பழைய சட்டையின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். சாதாரணத் தந்தியை அழுத்தினால் வலித்தது. ஆகவே மெல்லிய பாஞ்சோ வாத்தியத் தந்தியை எடுத்துக் கட்டினார். பிற்பாடு தந்தியின் முறுக்கையே தளர்த்தினார். முறுக்கைத் தளர்த்தினால் சுருதி இறங்கும். 1971இல் வந்த மூன்றாவது தட்டிலே பல பாட்டுக்களில் மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார். கனத்த, இருண்ட, பூமிக்கடியிலிருந்து கிளம்புவது போன்ற அந்த நாதம் இப்படித்தான் வளர்ந்தது. 'ஹெவி மெட்டல்' என்ற சங்கீத வகை முழுவதற்கும் அதுவே அஸ்திவாரம் ஆயிற்று.

இப்பொழுது நாம் கேட்கிறோம்: இதில் மிஷின் செய்தது என்ன? தொழிலாளி செய்தது என்ன? மிஷின் இரண்டு விரல் நுனிகளைப் பறித்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தொழிலாளியின் கையும் மூளையும் செய்த வேலை. கையில் கிடைத்ததை உருக்கி, தேய்த்து, ஒட்டி, பொருத்திப் பார்க்கும் பட்டறைக்காரனின் புத்தி அது.

நால்வரும் யார்?

இது தனி ஒருவர் சாதித்ததும் அல்ல. பாடகர் ஓஸி கசாப்புக்கூடத்திலே வேலை செய்தவர். மோட்டார் ஹாரனை ஊதிப் பார்த்துச் சரிசெய்யும் வேலையும் பார்த்தவர். கீஸர் பட்லர் கணக்கு வேலை பழகியவர். பாட்டுக்களில் பெரும்பாலானவற்றின் சொற்கள் அவருடையவை. பில் வார்ட் தாளக்காரர். எல்லோரும் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஆஸ்டன் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்.

1968இல் ஒன்றுசேர்ந்தார்கள். முதல் தட்டை ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரியில் அது வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் ஏளனம் செய்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள், பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம் கிடைத்தது. அதே ஆண்டு வந்த இரண்டாவது தட்டு முதலிடத்துக்கே போயிற்று. அதன் முதற்பாட்டு யுத்தத்தைக் கிளப்பிவிட்டு ஏழைகளைச் சாகவிடும் பெரிய மனிதர்களைச் சாடுகிறது. வியட்நாமிலே குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பாட்டின் பெயரையே தட்டுக்கும் வைக்க எண்ணியிருந்தார்கள். கடைசியில் வேறு பெயரோடு வந்தது. சாத்தானைப் பாடும் கூட்டம் என்று இவர்களை ஏசியவர்கள், இந்தப் பாட்டு யாரைச் சாத்தான் என்கிறது என்று காது கொடுத்துக் கேட்டார்களா?

பணம் வந்த பிறகு

குறையையும் மறைக்க வேண்டியதில்லை. பணம் வந்தது, போதையும் வந்தது. 1972இல் நான்காவது தட்டை லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு செய்தார்கள். தட்டுக்கு ஆன செலவைவிடப் போதைப் பொருளுக்கு ஆன செலவு அதிகம் என்று அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். நாதமும் மாறியது. பியானோ சேர்ந்தது, மின்சார வாத்தியங்கள் சேர்ந்தன, 1975இல் கூட்டுப் பாடகர்களும் சேர்ந்தார்கள். அந்தத் தட்டைத் தயாரித்த காலத்திலேயே முன்னாள் மானேஜரோடு வழக்கு. உழைத்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி பாடுகிறவனையும் விடவில்லை!

1979இல் ஓஸியை நீக்கினார்கள். 1980இல் ரானி ஜேம்ஸ் டியோ பாட, புதுத் தட்டு வந்தது. வேகம் கூடியது, கிட்டாரின் வழியிலேயே போய்க்கொண்டிருந்த குரல் இப்போது தனி வழியில் உயர்ந்து போயிற்று. அதன் பிறகு ஆட்கள் பலர் வந்தார்கள், போனார்கள். 19 தட்டுக்களிலும் இருந்தவர் ஐயோமி ஒருவரே.

2013இல் கடைசித் தட்டு. அதில் வார்ட் இல்லை. கையெழுத்துப் போடத்தக்க ஒப்பந்தம் தரவில்லை என்று 2012இலேயே பகிரங்கமாகச் சொல்லி ஒதுங்கிவிட்டார். அவருக்கு உடல்நிலை போதாது என்றது மறுபக்கம். ஒரே பட்டறையில் பிறந்த கூட்டாளிகளுக்குள்ளும் ஒப்பந்தக் காகிதம் குறுக்கே விழுந்தது என்பது வருத்தமான விஷயம். ஆயினும் 2025 ஜூலை 5ந் தேதி நால்வரும் ஒரே மேடை ஏறினார்கள். இடம் ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானம். நடுக்குவாத நோயால் நிற்க முடியாத ஓஸி நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். 17 நாளில் இறந்தார்.

நமது பதில்

விபத்து நல்லதாயிற்று என்பவர்களுக்கு நமது பதில் இதுதான். விபத்துக்கு முன்பே ஐயோமி கலைஞர்; வெளிநாட்டிலிருந்து மேடை காத்திருந்தது. பத்து விரலோடு போயிருந்தால் என்ன வாசித்திருப்பார் என்று இன்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு விரல் போனபின் பேர்பெற்ற ஒருவரைக் காட்டுகிறீர்கள். விரல் போனபின் வேலையும் போய், பேரும் இல்லாமல் போனவர்களை எந்த மேடையில் காட்டுவீர்கள்?

பழகாத ஆளை மிஷினில் நிறுத்தினால் விரல் போகும். 1965இலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பையனின் திறமையைப் போற்றுவோம். அவர் எழுந்து நிற்க உதவிய போர்மனையும் போற்றுவோம். அந்த மிஷினுக்கோ, அவரை அங்கே நிறுத்தியவர்களுக்கோ நாம் நன்றி சொல்ல ஒன்றுமே இல்லை.