காதுக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே

கைப்பேசியால் மூளையில் புற்றுநோய் வருமா? பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கிளப்பிவரும் கேள்வி இது. குடியிருப்புகளை ஒட்டி எழும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் குறித்தும் அது குரல் கொடுத்திருக்கிறது. கேட்டது சரிதான், விற்பவர்கள் தாமாகவா சொல்லப்போகிறார்கள்?

2011 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கைப்பேசியின் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆசிய முறையில் ஊறப்போட்ட காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன! 2024இல் அந்நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளை அலசிய ஆஸ்திரேலியத் தலைமையிலான குழு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. அந்த அச்சத்தைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

கண்ணுக்கு முன்னால் நிற்கும் ஆபத்து வேறு. காலையில் பினாங்குப் பாலத்தில் பாருங்கள்: தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் கைப்பேசியைச் செருகிக்கொண்டு, பேசியபடியே மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். லிட்டில் இந்தியா உணவகங்களிலோ, திரையைக் காட்டினால்தான் பிள்ளை வாயைத் திறக்கிறது. கெடுவது கண்ணும் உறக்கமும்.

கதிர்வீச்சுக்குப் பயந்து கைப்பேசியைத் தலைமாட்டிலிருந்து நகர்த்துபவர்கள், நள்ளிரவு வரை அதைப் பார்ப்பதையும் நிறுத்தட்டும். பாலத்தில் பேசிக்கொண்டே ஓட்டுபவர்களைப் போலீஸ் தயவு தாட்சண்யமின்றிப் பிடிக்க வேண்டும்.