பாஸ் லினக்ஸை அழித்த பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி தரப்போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து நான் சொல்லிவருவது ஒன்றுதான். கருவியைக் கையில் கொடுக்கும் அன்றே, அதற்குள் ஓடுவது என்ன, அதை எழுதியது யார் என்று ஒரு மணி நேரமாவது பாடம் நடத்த வேண்டும். 2011இல் அது நடக்கவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில் தொடங்கிய திட்டம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் என்னிடம் எட்டாவது வரை படித்துவிட்டு மேல்நிலைக்குப் போன பிள்ளைகள், மடிக்கணினியை வீட்டுக்கே எடுத்துவந்து காட்டினார்கள். ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பாஸைக் காணோம். "கடையில குடுத்து அழிச்சிட்டேன் டீச்சர், சும்மா இடத்த அடைக்குது" என்றான் ஒருவன். அழித்தது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்கிறேன். பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழிலேயே மெனு வரும். அதன் அடித்தளம் லினக்ஸ். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் வீட்டு 386 கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கியது. யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

இதற்கு 20 வருடம் முன்னால், ஜப்பானில் பிசிகாம் என்ற கம்பெனி கால்குலேட்டர் செய்யச் சில்லு கேட்டதில் பிறந்ததுதான் இன்டெல் 4004. நகத்தளவு சில்லில் 2,300 டிரான்சிஸ்டர். 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. சில்லு வந்தால் அதை நடத்த ஒரு மேஸ்திரி வேண்டுமே? கேரி கில்டால் 1974இல் சிபி/எம் எழுதினார். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது, மைக்ரோசாஃப்ட் வேறொரு சிறு கம்பெனியின் மென்பொருளை விலைக்கு வாங்கி, டாஸ் என்று ஐபிஎம்முக்குக் கொடுத்தது. மற்றவர்களுக்கு விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த ஒரு ஒப்பந்தம்தான் அடுத்த 40 வருடத்தின் கதை. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் என்றாலே விண்டோஸ் என்று நினைப்பதற்கும் வேர் அங்கேதான்.

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1984இல், கிளாஸ் என்ற திட்டத்தில். முதலில் சுமார் 250 பள்ளிகள். நான் வேலை பார்த்த பள்ளி எதற்கும் வரவில்லை, தொடக்கப் பள்ளிக்கு யார் தருவார்கள்! வந்த மெஷின் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி வடிவமைத்த பிபிசி மைக்ரோ. 6502 சில்லு, 32 கேபி நினைவகம். ஆன் செய்தால் படமும் இல்லை, ஐகானும் இல்லை. பேசிக் மொழிக்கான ஒரு குறி மட்டும் வந்து நிற்கும். குழந்தை ஏதாவது கட்டளை எழுதினால்தான் அது அசையும். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். அதே ஏகார்ன் கம்பெனி 1985இல் செய்த சில்லின் வாரிசுதான், ஏஆர்எம் என்ற பெயரில் இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

"வேலைக்குப் போற இடத்துல விண்டோஸ்தானே அத்தை கேக்கிறாங்க" என்பான் என் அண்ணன் மகன். நியாயம்தான். பாஸில் பிரின்டர் வேலை செய்யாமல் பிள்ளைகள் அல்லாடியதும் உண்மை. ஆனால் உங்கள் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பது லினக்ஸ். உலகின் வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் 2017இலிருந்து லினக்ஸ்தான். இடத்தை அடைக்கிறது என்று அழித்ததைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு 2018இல் 'சக்தி' என்ற சில்லைச் செய்து லினக்ஸை ஓடவிட்டுக் காட்டியது. அதன் அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ் யாருக்கும் உரிமைத்தொகை கட்டத் தேவையில்லாதது. விழுப்புரத்திலிருந்து ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்தில் நடந்த வேலை இது. நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பரணில் கிடக்கும் அரசு மடிக்கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் எழுதவும் படிக்கவும் இன்னும் ஓடும். திண்டிவனம் பக்கம் யாரிடமாவது சும்மா இருந்தால் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.