அந்தப் பரிசில் இன்னொரு பெயர் எங்கே?

கட்டடக்கலை முதலாம் ஆண்டில் எங்கள் விரிவுரையாளர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “இது வென்டூரியின் லாஸ் வேகாஸ் புத்தகம்” என்றார். அட்டையில் மூன்று பெயர்கள் இருந்தன. எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் நான் கை உயர்த்தவில்லை. அன்று கேட்காததை இப்போது கேட்கிறேன்.

அந்த மூவர் ரொபர்ட் வென்டூரி, டெனிஸ் ஸ்கொட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர். டெனிஸ் 1931இல் இன்றைய சாம்பியாவில் பிறந்தவர். தென்னாபிரிக்காவில் வளர்ந்து, லண்டனில் படித்து, 1958இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பிறகு அங்கேயே படிப்பிக்கத் தொடங்கினார்.

1960இல் ஆசிரியர்களின் கூட்டம் ஒன்று. வளாகத்தில் இருந்த பழைய நூலகத்தை இடிக்கக்கூடாது என்று டெனிஸ் வாதாடினார். கூட்டம் முடிந்த பிறகு வென்டூரி அவரிடம் வந்து, தானும் அதே கருத்துதான் என்றார். அப்படியென்றால் உள்ளே ஏன் வாய் திறக்கவில்லை என்று டெனிஸ் திருப்பிக் கேட்டார். அவர்கள் அறிமுகமானது அப்படித்தான். அந்த நூலகம் இன்றும் நிற்கிறது.

“படிப்பிக்கிறதுதானே, அது என்ன பெரிய வேலை” என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள், கட்டடக்கலை உலகத்திலும் சொல்வார்கள். கட்டடம் கட்டியவருக்குத்தான் பெயர், வகுப்பு எடுத்தவருக்கு இல்லை. ஆனால் அந்தப் புத்தகமே ஒரு வகுப்பிலிருந்து வந்ததுதான். 1966இல் வென்டூரியை லாஸ் வேகாஸ் பார்க்க அழைத்தவர் டெனிஸ். 1968இல் யேல் பல்கலைக்கழகத்தில் மூவரும் சேர்ந்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் 10 நாட்கள் லாஸ் வேகாஸில் தங்கினார்கள். விளம்பரப் பலகைகளையும் வாகனத் தரிப்பிடங்களையும் சூதாட்ட விடுதிகளையும் வரைபடம் போட்டு ஆராய்ந்தார்கள். மற்றக் கட்டடக் கலைஞர்கள் குப்பை என்று ஒதுக்கியதை, முதலில் கவனமாகப் பாருங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார்கள். 1972இல் புத்தகம் வந்தது. நகரத்தை நாங்கள் பார்க்கும் விதமே மாறியது.

1991இல் கட்டடக்கலையின் மிகப்பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வென்டூரிக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அப்போது டெனிஸ் இருபது வருடங்களுக்கும் மேலாக அந்த நிறுவனத்தின் பங்காளர். அவர் விழாவுக்குப் போகவில்லை.

இதற்குச் சொல்லப்படும் சாக்குகளைப் பார்ப்போம்.

“அது தனி ஒருவருக்கான பரிசு.” பொய்ச்சாட்டு. 1988இல் புன்ஷாஃப்ட், நீமாயர் என்று இருவருக்குக் கொடுத்தார்கள். 2001இல் ஹெர்சொக், டி மொய்ரோன் என்ற இரண்டு பங்காளர்களுக்குச் சேர்த்தே கொடுத்தார்கள். அவர்கள் இருவரும் ஆண்கள்.

“கட்டடங்கள் அவருடையவை, இவர் யோசனை மட்டும்தான் சொன்னார்.” எழுத்திலும் கட்டடங்களிலும் டெனிஸ் கூட்டாக உழைத்தார் என்று 1991ஆம் ஆண்டின் நடுவர் அறிக்கையே சொல்கிறது. தெரியாமல் விட்டிருந்தால் தவறு என்று சொல்லலாம். தெரிந்துகொண்டே விட்டதை என்னவென்று சொல்வது?

“அந்தக் காலம் அப்படி.” அந்தக் காலத்திலேயே டெனிஸ் இதைச் சொல்லிவிட்டார். தன் உழைப்பு எப்படிக் கணவர் பெயரில் எழுதப்படுகிறது என்று 1975இலேயே ஒரு கட்டுரை எழுதினார். துறையில் தனக்குப் பாதிப்பு வரும் என்று பயந்து 1989வரை அதை வெளியிடவில்லை.

2013இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் இதைத் திருத்தச் சொல்லி மனு ஒன்றைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். வென்டூரியும் கையெழுத்திட்டார். பழைய நடுவர்களின் முடிவைப் புதிய நடுவர்கள் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. ஆனால் 2016இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. அதற்கு முன்பு அது ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். விதியை மாற்றினார்கள். ஆக, மனம் இருந்தால் மாற்றலாம்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். அம்மா காலை ஆறு மணிக்குத் திறந்து, கணக்குப் பார்த்து, இரவு பூட்டுகிற கடையை நாங்கள் என்னவென்று சொல்கிறோம்? “அப்பாட கடை.” நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழுவாகச் செய்த வேலையில் ஒரு பெயர் விடுபட்டால், பிறகு தனியாக வந்து “எனக்கும் அது பிழை என்றுதான் பட்டது” என்று சொல்லாதீர்கள். 1960இல் டெனிஸ் கேட்ட கேள்வி அப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான். கூட்டம் நடக்கும்போதே கையை உயர்த்துங்கள்.