மாட்டுத் தெருவின் கறிக்கொழுக்கட்டை

பெய்ஜிங் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், நியூஜியே எனும் 'மாட்டுத் தெரு'வைத் தவறவிடாதீர்கள். கி.பி. 996இல் எழுந்ததாகக் கூறப்படும் பள்ளிவாசலைச் சுற்றி ஹுய் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. அங்கே சிறியதொரு சாப்பாட்டுக் கடையில் அமர்ந்து ஜியாவ்ஸி கேளுங்கள். நம் கறிக்கொழுக்கட்டையின் சீனத்துச் சகோதரி எனலாம். ஆனால் கோதுமை மாவு, கொதிநீரில் வேகிறது.

கைத்திறன் மேல்மாவில்தான் உள்ளது. நடுவில் சற்றுத் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் தேய்க்கிறார்கள். அப்போதுதான் அடி கிழியாது. மடித்து ஒட்டிய இடமும் தடிக்காது. கொத்திய ஆட்டிறைச்சியில் சிறிது சிறிதாக நீர் விட்டு ஒரே பக்கமாகக் கிளறுவர். கடித்ததும் வாயில் நிறைவது அந்தச் சாறே! தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகரும் பூண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மற்றச் சீனக் கடைகள் பலவற்றில் கவிச்சை நீங்க இறைச்சியில் மது சேர்ப்பதுண்டு. ஆட்டிறைச்சிதானே என்று அமர்ந்துவிடலாகாது. 2019இல் பெய்ஜிங் அதிகாரிகள் ஹலால் கடைப் பலகைகளிலிருந்து அரபு எழுத்தையும் பிறையையும் அகற்றச் சொன்னார்கள். ஆகவே அரபியைத் தேடாதீர்கள்; ஹலாலைக் குறிக்கும் 'சிங்ஜென்' என்ற இரு சீன எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். ஐயமிருப்பின் காட்டிக் கேட்கலாம்.

கொழுக்கட்டை வெந்த நீரையும் கேட்டு வாங்கிப் பருகுங்கள். அங்கே அதுதான் சூப்.