எல்லா நோவுக்கும் ஒரே எம்பிபிஎஸ்ஸா?

"நெட் சுத்துது" என்று வீட்டில் யாராவது முனகினால் போதும், தெருவே மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கிவிடும். "பிளானை ஏத்துங்க சார்." மாடி வீட்டுக்காரர் சொல்வார், மச்சான் சொல்வார், இணைப்புக் கொடுத்த கேபிள்காரரும் சொல்வார். 50 போதாதா, 100 போடு. 100 போதாதா, 300 போடு. மெகாபிட்ஸ் பர் செகண்ட் என்பதைச் சுருக்கித் தமிழில் எழுதினால் எம்பிபிஎஸ் என்றுதான் வருகிறது. பெயர் ராசியோ என்னவோ, எந்த நோவு வந்தாலும் அதனிடமே ஓடுகிறோம்.

பெரும்பாலான வீடுகளில் இந்த வைத்தியம் வீண். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. மூன்று வருடம் நானும் தட்சிணை கட்டியவன்.

எங்கள் வீட்டில் ஃபைபர் ஒயர் வாசல் பக்கமாக உள்ளே வந்தது. இழுத்து வந்தவர் ஜன்னலோரம் ஓட்டை போட்டு, ரவுட்டரை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று வீட்டில் தீர்ப்பானதும் அது டிவி ஷோகேஸின் கதவுக்குப் பின்னால் குடிபோனது. பக்கத்திலேயே இரும்பு பீரோ. கடைசி அறையில் மகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் டீச்சர் வாய் திறந்தபடி உறைந்துபோவார். 50இலிருந்து 100க்குப் போனேன். உறைந்தார். 300க்குப் போனேன். அப்போதும் உறைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். ஷோகேஸ் முன்னால் 280. கடைசி அறையில் 9. நடுவில் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர், ஒரு பீரோ, என் மூன்று வருடப் பணம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவுதான் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்கு இது: முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. நாலு பேர் நாலு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கொரு 4கே படம் பார்த்தால்கூட 60தான். வீடியோ காலுக்குப் பொதுவாக ஐந்துகூட ஆகாது. ஆகவே 50 எம்பிபிஎஸ் வரும் வீட்டில் ஒரு படமே சுற்றுகிறது என்றால், வாசல்வரை வந்த வேகம் உங்கள் கைவரை வரவில்லை என்று அர்த்தம். வாசலில் 300 கொட்டினாலும் நடுவிலுள்ள பத்து மீட்டர் பத்து மீட்டர்தான்.

அந்தப் பத்து மீட்டரில் என்ன நடக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். ஒன்றின்மேல் ஒன்று ஏறாத தடங்கள் என்று பார்த்தால் அதில் 1, 6, 11 என மூன்றே தேறும். அடுக்குமாடியில் போனைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை பெயர் வரிசைகட்டி நிற்கிறதே, அவற்றில் பல அந்த மூன்று தடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடம் தாராளம். ஆனால் ஒரு சுவரிலேயே களைத்துவிடும். வைஃபை பெயரின் வாலில் 5ஜி என்று இருப்பதைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கு 5ஜி வந்துடுச்சு" என்று பெருமைப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. செல்போன் 5ஜிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு தடத்தில் ஒரு சமயத்தில் பொதுவாக ஒருவர்தான் பேச முடியும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒரு பெரியவர் பாயசத்தை மெல்ல ருசித்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் இலையை மூடிவிட்டாலும் அடுத்த பந்தி உட்கார முடியாது. மூலையறையில் சிக்னல் கிடைக்காமல் தடுமாறும் பழைய போன் அந்தப் பெரியவர் மாதிரி. அது தன் முறை வந்து மெல்ல இழுக்கும் ஒவ்வொரு தடவையும் புது லேப்டாப்பும் காத்துக்கிடக்கும். சமையற்கட்டில் இன்னும் நூறு பேருக்கு உலை வைத்தால் பந்தி வேகமாக நகருமா?

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பிளானை ஏற்றும்போது பல இடங்களில் பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு அலைவரிசையிலும் ஓடும் புதுப் பெட்டியை மாட்டுகிறார்கள். பழசையே வைத்தாலும் ஒருமுறை அணைத்துப் போடுகிறார்கள். மாதக்கணக்கில் அணையாமல் சூடேறிக் கிடந்த பெட்டி அதிலேயே தெளிந்துவிடும். குணமாக்கியது பெட்டி. மாலை விழுவது எம்பிபிஎஸ் கழுத்தில்.

"டவர் ஃபுல்லா இருக்கே" என்பார்கள். அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் உள்ள உறவை மட்டுமே காட்டும். ரவுட்டருக்கு வெளியே உலகம் இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளியே உள்ளே வரவில்லை. எங்கோ ஒயர் அறுந்திருக்கும், அல்லது கதவிடுக்கில் மடங்கியிருக்கும். அதற்கு ரீசார்ஜ் மருந்தல்ல.

உண்மையான பரிசோதனை ஒன்றே ஒன்று. லேப்டாப்பை லேன் ஒயரால் நேரே ரவுட்டரில் சொருகி வேகம் பாருங்கள். காசு கொடுத்த வேகம் அதில் வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். வராவிட்டால் ஒயரையும் ஒருமுறை சந்தேகியுங்கள்: லேன் ஒயருக்குள் எட்டு இழைகள். ஆயிரம் எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும், நூறுக்கு நாலே போதும். மற்ற நாலில் ஒரு இழை முனையில் விட்டுப்போனால் அது சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடலாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் லேன் துளையே நூறுதான். அங்கே உங்கள் 300க்கு வேலையே இல்லை. ஒயரும் துளையும் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால், அப்போது கேபிள்காரரைக் கூப்பிட்டுத் தாராளமாகச் சண்டை போடலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் படுக்கிறது என்றால் தெருவே ஒரே ஃபைபரைப் பங்குபோடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஜிபான் எனப்படும் ஃபைபர் இணைப்பில் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்டை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். அந்த நெரிசலிலும் நீங்கள் மட்டும் பிளானை ஏற்றிப் பெரிய பலன் காண முடியாது.

பெரிய பிளானே கூடாது என்று சொல்லவில்லை. நூறு ஜிபி கேமை மாதம் நாலு இறக்கும் பையன் இருக்கும் வீட்டுக்கும், வீடியோ வெட்டி ஏற்றும் தொழில் செய்பவருக்கும் அது வேண்டும். மற்றவர்கள் முதலில் ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், தலைக்கு மேலே மாட்டட்டும்.

நான் வாசல் பெட்டியிலிருந்து 15 மீட்டர் லேன் ஒயர் இழுத்து, பரணில் கிடந்த பழைய ரவுட்டரைக் கடைசி அறை வாசலில் மாட்டினேன். செலவு சில நூறு ரூபாய். அந்த அறையில் இப்போது 48 வருகிறது. பிளான் 50தான், போன மாதம் இறக்கிவிட்டேன். அதற்காகப் போன் செய்தபோது வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், "சார், ஏத்தணுமா, இறக்கணுமா?" என்று மூன்று முறை கேட்டார்.