வீட்டுக்கு ஓர் ஒட்டியாணம்

புது வீடு கட்டிக் கிருகப்பிரவேசம் நடத்தும் நண்பர்கள் நமக்கும் அழைப்பு அனுப்புவதுண்டு. போனால், இலை போடுவதற்கு முன்னால் வீடு முழுவதையும் சுற்றிக் காட்டுவார்கள். தரையில் பதித்த கல் எந்த ஊரிலிருந்து வந்தது, வாசற்கதவுக்குத் தேக்கு எங்கே வாங்கியது என்ற விவரமெல்லாம் கேளாமலே கிடைக்கும். "அதெல்லாம் சரி, சுவரும் சுவரும் சேருகிற மூலைக்குள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று நாம் கேட்டால் மட்டும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆயினும், பூமாதேவி பொறுமை இழக்கும் தினத்தில் வீட்டாரைக் காக்கப் போவது பளிங்குத் தரையன்று, அந்த மூலைதான்.

பூகம்பம் நேராக மனிதரைக் கொல்வது அரிது. பெரும்பாலும் கொல்வது அவர்கள் கட்டிய வீடே. 1993 செப்டம்பர் 29-ந் தேதி மகாராஷ்டிரத்தில் பிள்ளையார் விக்கிரகங்களை நீரில் கரைத்துவிட்டு, களைப்போடு வந்து உறங்கினார்கள் கில்லாரி வட்டாரத்துக் கிராம மக்கள். மறுநாள் பொழுது விடியுமுன் பூமி ஆடிற்று. ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். உலகத்தின் மகா பூகம்பங்களோடு ஒப்பிட்டால் அது நடுத்தரமானதுதான். ஆனால் அங்கே சுவர்கள் தடித்த கருங்கற் சுவர்கள். கல்லோடு கல்லைச் சேர்த்தது வெறும் மண். கூரைமீதோ வெயிலுக்கு அடக்கமாகப் பரப்பிய கனத்த மண். வெளிமுகம் ஒரு பக்கமும் உள்முகம் ஒரு பக்கமுமாகச் சுவர் பிளந்தது, கூரை இறங்கிற்று. வெயிலிலிருந்து காத்த வீடே சமாதியாயிற்று.

விதியென்று இதை விட்டுவிடலாமா? கூடாது என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரே சாட்சி. 1931-ல் பலுச்சிஸ்தானத்தில் மாச் என்னுமிடத்தில் பூகம்பம் உண்டாயிற்று. அதன் பிறகு, எஸ். எல். குமார் என்னும் ரயில்வே எஞ்சினீயர், பூமி ஆடினாலும் விழாத குடியிருப்புகளைக் குவெட்டா நகரில் அமைத்தார். அவற்றுக்கு உறுதி தரப் பழைய தண்டவாள இரும்பைப் பயன்படுத்தினார். தம் முறையை 1933-ல் கட்டுரையாகவும் எழுதினார். இரண்டே வருஷத்தில் பரீட்சை வந்துவிட்டது. 1935 மே 31-ந் தேதி பின்னிரவில் குவெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. இறந்தவர் 30,000 முதல் 60,000 வரை என்று மதிப்பிட்டார்கள். குமாரின் ரயில்வே வீடுகளோ அந்தச் சுடுகாட்டின் நடுவே நிமிர்ந்து நின்றன!

அவர் காட்டிய வழியின் சாரம், வீட்டின் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைப்பதுதான். ஆறு பலகைகளை ஆணியடிக்காமல் பெட்டிபோலச் சாய்த்து வைத்தால், ஓர் உலுக்கலில் ஆறும் ஆறு பக்கம் விழும். ஆணியடித்துவிட்டால் அதே பலகைகள் உருட்டினாலும் குலையா. வீடும் அப்படித்தான். தன் நீளவாட்டில் தள்ளினால் சுவர் தாங்கும். குறுக்கே தள்ளினால் சாயும். ஆகவே பக்கத்துச் சுவர் அதைப் பிடித்துக் கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அடிப்பீடத்திலும், கதவு ஜன்னல்களின் தலைமட்டத்திலும், கூரை அமரும் இடத்திலும் எல்லாச் சுவர்களையும் சுற்றி, இடையில் அறுபடாமல், கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓட வேண்டும் என்கிறார்கள். மூலைதோறும் அஸ்திவாரத்திலிருந்து நட்ட கம்பி எழ வேண்டும். மூலையை ஒட்டி ஜன்னல் திறக்கலாகாது. அந்தப் பட்டையை வீட்டின் ஒட்டியாணம் என்று சொன்னால் நம் சகோதரிகளுக்கு உடனே விளங்கிவிடும்.

"எங்கள் வீடு தாத்தா கட்டியது, இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்களும் கவலைப்பட வேண்டாம். பழைய வீட்டுக்கும் ஒட்டியாணம் பூட்டலாம். தலைமட்டத்தில் பூச்சை உரித்துக் கம்பிவலையைச் சுற்றி அறைந்து, அதன்மேல் சிமிட்டிச் சாந்து பூசுவது ஒரு முறை. கற்சுவராயிருந்தால் ஆங்காங்கே துளையிட்டுக் கொக்கிக் கம்பி செருகிக் கான்கிரீட் நிரப்புவார்கள். இரு முகங்களும் பிரியாமல் அது பிடித்துக் கொள்ளும். கில்லாரிக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் பல வீடுகளை இவ்வாறு பலப்படுத்தினார்கள். இடித்துக் கட்டும் செலவில் இது ஒரு பங்குதான்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 ஜனவரி 26-ந் தேதி கட்ச் பிரதேசத்தில் நேர்ந்த பூகம்பத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல அடுக்கு வீடுகள் விழுந்தன. கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களின்மேல் விட்டிருந்தவை அவற்றில் பல. மேலே கனம், கீழே வெறுமை! இத்தகைய கட்டடத்திலும் தூண்களுக்குக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு கவசம் போடலாம். தகுந்த இடங்களில் தூண்களுக்கு நடுவே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். எங்கே, எவ்வளவு என்பதைக் கணக்குத் தெரிந்த எஞ்சினீயர்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வடக்கத்தியார் கவலை என்று எண்ண வேண்டாம். 2002-ல் திருத்திய பூகம்ப வரைபடத்தில், அதுவரை இரண்டாம் வட்டாரத்திலிருந்த சென்னையை மூன்றாம் வட்டாரத்துக்கு உயர்த்திவிட்டார்கள். பூகம்பத்தை எண்ணிக் கட்டுவதற்கான இந்தியத் தர விதிகளோ 1962 முதலே இருக்கின்றன. விதி புத்தகத்தில் இருந்து என்ன பயன்? சுவரில் அல்லவா இருக்க வேண்டும்!

சொந்த வீட்டில் துணிந்து உறங்குவது அவரவர் பாடு. வாடகைக்கு விட்டவரோ, மாதந்தோறும் பணம் வாங்கிக் கொண்டு பிறர் குழந்தைகளை அந்தக் கூரையின்கீழ் உறங்கச் செய்கிறார். அவர் இதை நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

பெண்ணுக்குப் பூட்டும் ஒட்டியாணத்தைக் கல்யாணத்தன்று ஊரே பார்த்து மெச்சும். வீட்டுக்குப் பூட்டுவதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை, பூச்சுக்குள் மறைந்துவிடும். பூமி ஆடி ஓய்ந்த மறுநாள் காலையில், வீட்டுக்காரர் தம் குழந்தைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரியாயிருக்கக் காணும்போதுதான் அதன் அழகு தெரியும்.