விலை போகாத பனிக்கடல்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துச் சித்திரசாலையில் ஒரு படம் இருக்கிறது. பனிப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சரிந்து, இடிந்த கோபுரம் போல் வானை நோக்கி நிற்கின்றன. சற்று உற்று நோக்கினால்தான், நொறுங்கி அமிழ்ந்துபோன ஒரு கப்பலின் பின்பாகம் கண்ணில் படும். மனித சஞ்சாரமே கிடையாது. வட துருவத்தின் பக்கமே போகாத ஒருவர் இதை எழுதினார் என்றால் நேயர்கள் நம்புவார்களா? 1820-21 குளிர் காலத்தில் டிரெஸ்டன் நகரத்தருகே எல்ப் நதியில் மிதந்து வந்த பனிக்கட்டிகளைப் பார்த்து எழுதி வைத்துக் கொண்டதுதான் அவருடைய துருவ யாத்திரை!

அவர் பெயர் காஸ்பார் டேவிட் பிரீட்ரிக். 1774-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, பால்டிக் கடலோரத்துக் கிரைப்ஸ்வால்ட் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் அப்போது ஸ்வீடன் அரசரின் ஆளுகையில் இருந்தது. தகப்பனார் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து பிழைத்தவர். ஏழு வயது நிறையுமுன் தாயார் காலமானார். பதின்மூன்றாவது வயதில் தம்பி நீரில் மூழ்கி மாண்டான். பனி உடைந்து தண்ணீரில் விழுந்த காஸ்பாரைக் கரையேற்றப் போய்த்தான் அச்சிறுவன் உயிரிழந்தான் என்று சொல்லுவார்கள். பனிக்கடல் படத்தின் முன்னால் இந்தச் செய்தியை நம்மால் மறக்க முடிவதில்லை.

கோபன்ஹேகன் கலாசாலையில் பயின்றபின் 1798-ல் டிரெஸ்டனில் குடியேறியவர், ஆயுள் முழுவதும் அதையே தம் ஊராகக் கொண்டார். அக்காலத்துச் சித்திரக்காரர்கள் பலர் இத்தாலிக்கு ஓடினார்கள், இவர் போகவில்லை. பிறந்த நாட்டு மூடுபனியும் ஓக் மரங்களும் இவருக்குப் போதுமாயிருந்தன. நண்பர் கெர்ஸ்டிங், இவர் வேலை செய்யும் அறையையே ஒரு படமாக எழுதியிருக்கிறார். வெறுஞ் சுவர், ஒரு நாற்காலி, வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரும்படி கீழ்ப்பாதி அடைத்த ஜன்னல். அவ்வளவே!

1808-ல் மலையுச்சிச் சிலுவை ஒன்றைத் தேவதாரு மரங்களுக்கிடையே எழுதி அதைப் பூஜைக்குரிய படமாக வைத்தார். இயற்கைக் காட்சிக்குப் பூஜா பீடத்தில் என்ன வேலை என்று ராம்டோர் என்ற விமரிசகர் சண்டைக்கு வந்தார். ஆனால் 1810-ல் பெர்லினில் வைத்த இரண்டு படங்களையும் பிரஷ்ய அரசரே வாங்கினார். அவற்றுள் ஒன்றில் ஒரு கீற்று மணல், கரிய கடல், கடுகளவில் ஒரு துறவி, மற்றெல்லாம் வானம்.

நெப்போலியனுடைய சேனைகள் நாட்டை மிதித்த காலம் அது. வெண்பனி மூடிய காட்டுக்குள் தன்னந்தனியே நடக்கும் ஒரு பிரெஞ்சுச் சிப்பாயை இவர் 1814 வாக்கில் எழுதினார். அதில் ரத்தமும் இல்லை, வசையும் இல்லை. முதுகு மட்டுமே காட்டும் அந்தச் சிப்பாயிடம் நமக்கு இரக்கமே உண்டாகிறது. இந்தத் தேசபக்தரைத்தான் 1933-க்குப் பின் நாஜிகள் தங்கள் சொத்தென்று கொண்டாடினார்கள்!

1824-ல் கலாசாலையில் பேராசிரியர் என்ற பட்டம் கிடைத்தது. இயற்கைக் காட்சி வகுப்பை மாத்திரம் இவரிடம் ஒப்படைக்கவில்லை. ரசனை மாறிவிட்டது. 1835-ல் பக்கவாதம் வந்து கை சோர்ந்தது. 1840-ம் வருஷம் மே 7-ந் தேதி வறுமையில் காலமானார். பனிக்கடல் அப்போதும் விலை போகாமல் வீட்டிலேயே கிடந்தது.

பிறகு அதை வாங்கியவர் டால் என்ற நார்வே தேசத்துச் சித்திரக்காரர். ஒரே வீட்டில் மற்றொரு பகுதியில் குடியிருந்து, வருஷக் கணக்காக அந்தப் படத்தை அறிந்தவர். 1905-ல் அது ஹாம்பர்க் வந்து சேர்ந்தது. மறு வருஷம் பெர்லினில் நடந்த பெரிய சித்திரக் காட்சியில் இவருடைய படங்களைக் கண்ட ஜனங்கள், யார் இந்தப் பிரீட்ரிக் என்று கேட்டார்கள்.